அழைத்தும் வராதவர்கள்

1969-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கர்ட் ஃப்ளட் என்னும் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தின் தலைமை அதிகாரியான கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் சிறியது, விஷயம் பெரியது. பன்னிரண்டு வருஷ காலம் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கோஷ்டிக்காக ஆடியவர் அவர். அந்த அக்டோபரில், அவரை ஒரு வார்த்தை கேட்காமலே, ஃபிலடெல்ஃபியா கோஷ்டிக்கு மாற்றிவிட்டார்கள். என் விருப்பம் என்ன என்று பாராமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்பது கடிதத்தின் சாரம். சந்தையில் மாட்டினிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதனிடமாவது கேட்க வேண்டாமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

ஃப்ளட் போக மறுத்த ஃபிலடெல்ஃபியா அந்த வருஷம் ஆடிய 162 ஆட்டங்களில் 99-ல் தோற்றிருந்தது. அதே கைமாற்றத்தில் அங்கிருந்து செயின்ட் லூயிஸுக்கு வந்த டிக் ஆலனோ, விட்டால் போதும் என்று சந்தோஷமாகப் புறப்பட்டார். ஃப்ளட்டின் வழக்கு மனித உரிமையைப் பற்றியது. ஒரு ஊரின் குணதோஷத்தைப் பற்றியது அல்ல. ஆயினும் அந்தச் சம்பவத்தில் ஒரு சின்ன உண்மை ஒளிந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரனுக்கு "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை வந்துவிட்டால், அந்தச் சொல் முதலில் விழப்போவது தோற்ற கோஷ்டியின் காதில்தான்.

அந்தச் சொல்லை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஒரு கோஷ்டி உண்டு. அது டெட்ராயிட் நகரத்து டைகர்ஸ். 2003-ம் வருஷத்து அவமானத்துக்குப் பிறகு அந்தக் கோஷ்டி ஆள் தேடி அலைந்த கதை சுவாரஸ்யமானது. ஆனால் அதற்கு முன், அந்த "மாட்டேன்" எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பேஸ்பால் முதலாளிகள் 1879-லேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கோஷ்டியும் ஐந்து பேரை "இவர்கள் எங்களுக்கே" என்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அவர்களைத் தொடக் கூடாது. நாளாவட்டத்தில் ஐந்து பேர் எல்லாரும் ஆனார்கள். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டாலும், பழைய ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு முதலாளி நீட்டிக்கலாம். நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கும் அல்லவா? ஆகவே அதையும் நீட்டிக்கலாம். ஒரு வருஷம் ஒரு வருஷமாக ஆயுள் முழுவதும் போய்விடும்! சட்டம் படித்தவர்களின் மூளையை இந்த இடத்தில் நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஃப்ளட் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார். 1972-ல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துவிட்டது. அவர் நட்ட மரத்தின் பழத்தை மற்றவர்கள் தின்றார்கள். ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மக்நாலி என்ற இரண்டு பந்து வீச்சாளர்கள் 1975-ல் கையெழுத்துப் போடாமலே இருந்து, "ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தானே?" என்று கேட்டார்கள். பீட்டர் ஸெய்ட்ஸ் என்ற மத்தியஸ்தர், அந்த டிசம்பர் 23-ந் தேதி, "ஆம், ஒரு வருஷம்தான்" என்று தீர்ப்பளித்தார். முதலாளிகள் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. பிறகு இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆறு வருஷம் பெரிய லீகில் ஆடியவர், ஒப்பந்தம் முடிந்ததும் சுதந்திர புருஷர். எந்த ஊருக்கும் போகலாம். 1976-ம் வருஷக் கடைசியில் இந்தப் புதிய சந்தை கூடியது. அது முதல் ஒவ்வொரு பனிக்காலத்திலும், ஆட்டம் இல்லாத மாதங்களில், கோஷ்டிகள் ஆட்டக்காரர்களின் வீட்டு வாசலில் நிற்கின்றன.

முதலாளிகள் லேசில் விட்டுவிடவில்லை. 1985 முதல் இரண்டு மூன்று பனிக்காலங்களில், ஒருவர் ஆளுக்கு இன்னொருவர் விலை பேசுவதில்லை என்று ரகசியமாகக் கைகோத்துக்கொண்டார்கள். டெட்ராயிட்டின் வீரராக இருந்த கர்க் கிப்ஸன் 1985-ல் சந்தைக்கு வந்தார். சீந்துவாரில்லை, திரும்பவும் டெட்ராயிட்டிலேயே கையெழுத்துப் போட்டார். மறு வருஷம் அதே கோஷ்டியின் தலைசிறந்த பந்து வீச்சாளர் ஜாக் மாரிஸ் தாமாகவே தம் சொந்த மாநிலமான மினசோட்டாவுக்குப் போய், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். அங்கும் கதவு திறக்கவில்லை. இந்தச் சதி பின்னால் அம்பலமாகி, 1990-ல் முதலாளிகள் 28 கோடி டாலர் நஷ்ட ஈடு தர நேர்ந்தது. மத்தியஸ்தரின் உத்தரவால் 1988 ஆரம்பத்தில் விடுதலை பெற்ற கிப்ஸன், லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய், அந்த வருஷமே உலகச் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் நொண்டிக்கொண்டு வந்து அடித்த ஒரு அடியை அமெரிக்கா இன்றும் பேசுகிறது. போக விடாமல் பிடித்து வைத்த ஊர், வரச் சொல்லிக் கெஞ்சும் ஊராக மாறியபோது இதே கிப்ஸன் அங்கே இருந்தார் என்பது சரித்திரத்தின் வேடிக்கை.

நிற்க. இப்போது 2003-க்கு வருவோம்.

டைகர்ஸ் கோஷ்டி 1984-ல் உலகச் சாம்பியன். அந்த வருஷம் முதல் நாற்பது ஆட்டங்களில் முப்பத்தைந்தை வென்று ஊரையே ஆட வைத்தது. அதன் கதாநாயகன் ஆலன் டிராம்மல். இருபது வருஷம் வேறு சட்டை போடாமல் டெட்ராயிட்டுக்காகவே ஆடியவர். 1993-க்குப் பிறகு அந்தக் கோஷ்டி ஒரு வருஷம்கூட வெற்றிகளைத் தோல்விகளைவிட அதிகமாகக் காட்டியதில்லை. 2002-ல் 106 தோல்விகள். இனி பழைய வீரன்தான் காப்பாற்ற வேண்டும் என்று டிராம்மலை மானேஜராகக் கொண்டுவந்தார்கள். அவர் தம் பழைய சகாக்களான கிப்ஸனையும் லான்ஸ் பாரிஷையும் உதவிக்கு அழைத்துக்கொண்டார்.

பழைய புகழ் பந்து அடிக்காது. முதல் ஒன்பது ஆட்டங்களும் தோல்வி. இருபத்தெட்டு ஆட்டம் முடிந்தபோது மூன்றே வெற்றிகள். மைக் மாரத் என்ற பந்து வீச்சாளர் 21 ஆட்டங்களில் தோல்வியைத் தம் பெயரில் ஏற்றுக்கொண்டார்; 1980-க்குப் பிறகு யாருக்கும் இருபது தோல்வி நேர்ந்ததில்லை. பொதுவாக ஒருவர் அந்த எண்ணை நெருங்கினால், அவமானம் வேண்டாம் என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவது வழக்கம். மாரத் உட்கார மறுத்து, முறை வந்தபோதெல்லாம் பந்தை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோஷ்டியில் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் நாடு முழுவதும் ஒரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டம் தோற்றிருந்தது. நவீன காலத்தில் அதுவே எல்லை. டெட்ராயிட் அதைத் தாண்டுமா? கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்று, அதில் ஒன்றில் எட்டு ஓட்டம் பின்தங்கியிருந்து மீண்டு, கடைசியில் 43 வெற்றி, 119 தோல்வி என்று நின்றது. ஒன்று குறைவு! அந்த ஒன்றுக்காக அந்த ஊர் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அமெரிக்கன் லீகில் மட்டும் அதுவே மிக மோசமான கணக்காக வெகு காலம் இருந்தது. 2024-ல் சிக்காகோ ஒயிட் சாக்ஸ் 121 தோற்று அந்தச் சுமையை இறக்கி வாங்கிக்கொண்டது.

இப்படிப்பட்ட கோஷ்டி, சந்தை கூடியதும் பையில் பணத்தை வைத்துக்கொண்டு புறப்படுகிறது. யார் வருவார்கள்?

நம் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் ஊரை விசாரிப்பார்கள். டெட்ராயிட்டைப் பற்றி விசாரித்தவனுக்குக் கிடைத்த பதில் நன்றாயில்லை. 1950-ல் அந்த மோட்டார் நகரத்தில் 18 லட்சத்துக்கு மேல் ஜனம். 2000-த்தில் ஒன்பதரை லட்சம். இருந்தவர்களே வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற ஊருக்குப் புதியவன் எதற்காக வருவான்? அதோடு ஆட்டக்காரனின் ஆயுள் குறைவு. பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆட முடியும் என்றால், அதில் மூன்று நான்கு வருஷத்தைத் தோல்விக்குத் தத்தம் செய்ய யாருக்கு மனசு வரும்? பணம் வேறு இடத்திலும் கிடைக்கும். சாம்பியன் மோதிரம் அங்கே கிடைக்காது.

மைதானமும் ஒரு காரணம். 1912 முதல் ஆடிய பழைய மைதானத்தை விட்டு 2000-த்தில் புதிய மைதானத்துக்குக் குடியேறினார்கள். கட்டியவர்கள் தாராள மனசுக்காரர்கள். இடது மத்தியப் பக்கத்து வேலியை 395 அடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். மற்ற ஊரில் வேலியைத் தாண்டும் பந்து இங்கே பிடிபட்டுவிடும். இந்தச் சமயத்தில்தான் ஹுவான் கொன்ஸாலஸ் என்ற மகா அடிக்காரரை, ஆறு பேரைக் கொடுத்து, டெக்ஸாஸிலிருந்து வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு பெற்றவர் அவர். எட்டு வருஷத்துக்கு 14 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. மனிதர் வேலியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருஷம் ஆடிவிட்டு, கிளீவ்லாந்துக்கு ஒரே வருஷ ஒப்பந்தத்தில் ஒரு கோடி டாலருக்குப் போய்விட்டார். பின்னால் உடம்பு சரியில்லாமல் அவர் ஆட்டம் சீக்கிரமே படுத்துவிட்டது. அந்த 14 கோடியின் பக்கத்தில்கூட அவர் பிறகு வரவில்லை. டெட்ராயிட் கோஷ்டிக்கு அது அதிர்ஷ்டந்தான். ஆனால் அப்போது ஊரார் மனசில் நின்றது ஒன்றே ஒன்று: அவ்வளவு பணத்தைக் கண்ணில் காட்டியும் ஒருவன் வேண்டாம் என்றான். 2003-ல் வேலியை 25 அடி உள்ளே இழுத்துப் போட்டார்கள். குதிரை போன பிறகு லாயத்தைச் சிங்காரித்த கதைதான்.

கோஷ்டியின் முதலாளி மைக் இலிச். மாஸிடோனியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன். வாலிபத்தில் இதே டைகர்ஸின் கீழ்நிலைக் கோஷ்டிகளில் ஆடி, முழங்கால் கெட்டு, மேலே வர முடியாமல் போனவர். பிறகு மனைவியோடு சேர்ந்து 1959-ல் ஒரு பீட்ஸா கடை வைத்தார். ரொட்டி மாவும் பாலாடைக் கட்டியும் அவரைக் கோடீசுவரராக்கின. 1992-ல் அந்தக் கோஷ்டியையே விலைக்கு வாங்கினார். விற்றவரும் இன்னொரு பீட்ஸா வியாபாரிதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிர்வாகத்தைக் கவனித்தவர் டேவ் டொம்ப்ராவ்ஸ்கி. 1997-ல் ஃப்ளோரிடா கோஷ்டியைச் சாம்பியனாக்கிவிட்டு டெட்ராயிட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

அந்தப் பனிக்காலத்தில் முதலில் நடுத்தர ஆட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள். ரான்டெல் ஒயிட், ஃபெர்னான்டோ வினா, ஜேஸன் ஜான்ஸன். எல்லாரும் இரண்டு வருஷ ஒப்பந்தக்காரர்கள். பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜனவரி வந்தது. சந்தையில் ஒரே ஒரு பெரிய மனிதர் இன்னும் விலைபோகாமல் நின்றார்: ஈவான் ராட்ரிகெஸ்.

போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் 'காட்சர்' வேலையில் அவருக்கு நிகர் அக்காலத்தில் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் ஃப்ளோரிடாவை உலகச் சாம்பியனாக்கியிருந்தார். சான்ஃபிரான்ஸிஸ்கோவோடு நடந்த பந்தயத்தின் கடைசி ஆட்டத்தில், ஓடிவந்தவன் முழு வேகத்தில் மோதித் தள்ளியும், தரையில் உருண்டு எழுந்து, கையில் இருந்த பந்தை உயர்த்திக் காட்டினாரே, அந்தப் படத்தை அமெரிக்காவில் பார்க்காதவர் இல்லை. அப்பேர்ப்பட்டவர் ஏன் நின்றார்? வயசு 32. தினம் நூற்றுக்கணக்கான தடவை குந்தி எழுகிற வேலையில் அது கிழ வயசு. முதுகில் வலி உண்டு என்று பேச்சு. அவர் கேட்டதோ நான்கு வருஷம். ஃப்ளோரிடாவே தயங்கிவிட்டது.

வேண்டாத கோஷ்டியும், சந்தேகத்துக்குரிய முதுகும்! யார் இந்தப் பொருத்தத்தைப் பார்த்தது என்றால், ஸ்காட் போராஸ் என்ற தரகர். ஆட்டக்காரர்களுக்காக விலை பேசுவதில் எமகாதகர். 2004 பிப்ரவரி ஆரம்பத்தில் ஒப்பந்தம் முடிந்தது. நான்கு வருஷம், நான்கு கோடி டாலர். பழைய முதுகு வலி திரும்ப வந்து நெடுநாள் படுத்துவிட்டால் கோஷ்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வேறு வழியில்லை.

உலகச் சாம்பியன் கோஷ்டியிலிருந்து 119 தோல்விக்காரர்களிடம் ஒருவன் தானாக நடந்து வந்தான் என்பதை நாடு ஆச்சரியத்தோடு பார்த்தது. பணத்துக்காகத்தான் வந்தார் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். பணத்துக்காகத்தான் வந்தார், அதில் என்ன தப்பு? அதே பணத்தை வேண்டாம் என்று கொன்ஸாலஸ் போனாரே. ஃப்ளட் கேட்ட உரிமை இரண்டையும் உள்ளடக்கியது: மாட்டேன் என்பதையும், சரி என்பதையும். ராட்ரிகெஸ் வந்த முதல் வருஷம் பிரமாதமாக அடித்தார். கோஷ்டி 72 வெற்றி கண்டது. முந்திய வருஷத்தைவிட 29 அதிகம்.

என் அபிப்பிராயத்தில் அந்த நான்கு கோடிக்குக் கிடைத்த உண்மையான சரக்கு அவருடைய மட்டையடி அல்ல. அடுத்த வருஷம் டெட்ராயிட்டிலிருந்து டெலிபோன் வந்தால் எதிராளி சிரிக்காமல் கேட்டான், அதுதான் சரக்கு. வெனிசூலாக்காரரான மக்லியோ ஒர்டோன்யெஸ் 2005 பிப்ரவரியில் வந்தார். இவருக்குக் கெட்டிருந்தது முழங்கால். ஐரோப்பாவில் ஆஸ்திரியா வரைக்கும் போய்ச் சிகிச்சை செய்துகொண்டவர். அவர் ஆடிய சிக்காகோ அவரை விட்டுவிட்டது. அவர் இல்லாமலே அந்த வருஷம் சாம்பியனும் ஆகிவிட்டது. டெட்ராயிட் ஐந்து வருஷத்துக்கு ஏழரைக் கோடி கொடுத்தது. இங்கேயும் முழங்கால் ஷரத்து உண்டு. இங்கேயும் தரகர் போராஸ்தான். எல்லாம் பலிக்கவில்லை. டிராய் பெர்ஸிவல் என்ற முதிய பந்து வீச்சாளர் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு வந்து, கை ஒடிந்தாற்போல் ஆகி, ஒரு வருஷம்கூட முழுசாக ஆடாமல் ஓய்ந்தார். 2005-ல் வெற்றி 71. ஒன்று குறைந்தது!

அதற்குப் பலியானவர் டிராம்மல். ஊரின் செல்லப் பிள்ளையை மூன்று வருஷத்துக்குப் பிறகு அனுப்பிவிட்டு, ஜிம் லேலண்டை மானேஜராக வைத்தார்கள். அடிமட்டத்தில் வண்டியைத் தள்ளினவன் ஒருவன். அது ஓட ஆரம்பித்ததும் ஏறி உட்கார்ந்தவன் இன்னொருவன். லேலண்ட் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனசு சமாதானமாகவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் வந்தவர் கென்னி ராஜர்ஸ். வயசு 41. முந்திய கோடையில் டெக்ஸாஸில் படப்பிடிப்புக்காரர்களைத் தள்ளிவிட்டுத் தண்டனை பெற்றவர். முதுகு, முழங்கால் ஆன பிறகு இப்போது வயசும் கோபமும்! இரண்டு வருஷத்துக்கு ஒரு கோடியே அறுபது லட்சம். வாலிபப் பந்து வீச்சாளர்களுக்கு இந்தக் கோபக்காரக் கிழவரைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

2006-ல் டெட்ராயிட் 95 ஆட்டங்களை வென்றது. நியூயார்க் யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பியது. ராஜர்ஸ் அந்த அக்டோபரில் 23 இன்னிங்ஸ் வீசி ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. அக்டோபர் 14-ந் தேதி, ஓக்லாந்துக்கு எதிராக, ஆட்டம் சரிசமமாக நிற்கும்போது ஒர்டோன்யெஸ் அடித்த பந்து இடது பக்கத்து வேலியைத் தாண்டி விழுந்தது. மூன்று வருஷத்துக்கு முன் உள்ளே இழுத்துப் போட்டார்களே, அந்தப் பக்கத்து வேலிதான். ஆகாயத்தைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டே அவர் ஓடினார். 1984-க்குப் பிறகு முதல் தடவையாக டெட்ராயிட் லீகின் முதல் கோஷ்டி ஆயிற்று.

உலகப் பந்தயத்தில் செயின்ட் லூயிஸிடம் நாலுக்கு ஒன்று என்று தோற்றுப்போனார்கள். பந்து வீச்சாளர்கள் பந்தைப் பொறுக்கி எறிவதில் ஆட்டத்துக்கு ஒன்றாக ஐந்து தவறு செய்தார்கள். ஜெயித்த ஒரே ஆட்டமும் ராஜர்ஸ் வீசியது.

அவருடைய இரண்டு வருஷம் 2007-ல் முடிந்தது. திரும்பவும் சுதந்திர புருஷர். இந்தத் தடவை அவர் தரகர் போராஸை விட்டு விலகி, தாமே நேரில் டெட்ராயிட் நிர்வாகத்தோடு பேசினார். எண்பது லட்சம் டாலருக்கு இன்னும் ஒரு வருஷம் அங்கேயே ஆடுவதாகக் கையெழுத்துப் போட்டார்.